சாட்சியை மாற்றினால் வழக்குத் தீருமா?



இப்பகுதிக்கு வருகின்ற மடல்களுள் பெரும்பாலானவை பாகப்பிரிவினை, மஹர், ஜகாத் கணக்கு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றியனவே. மோட்டார் காரின் பழுதைப் பற்றி ஒரு சகோதரி நான்கு பக்கம் எழுதியனுப்பியிருப்பது இதுவே முதல் தடவை. "ஹஜ்ரத், இதையெல்லாம் தங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை" என்று தொடங்கியிருக்கிறார். தாராளமாகக் கேட்கலாம். ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஒரு மூதாட்டியின் சிகிச்சையும், ஒரு கொடுக்கல் வாங்கலின் ஹலால் ஹராமும் அந்த மடலுக்குள் அடங்கியிருக்கின்றன.

அவர் பெரம்பலூர் மாவட்டத்தின் வெள்ளாற்றங்கரைப் பகுதியைச் சேர்ந்தவர். கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகின்றார். மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் இருமுறை பெரம்பலூர் சென்று திரும்பவேண்டும். அதற்காகவே 2018ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கின்றார்கள். கொழுந்தன் ஓட்டுகிறார். சென்ற மழைக்காலத்தின் முடிவில், வண்டியின் முகப்பில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கொன்று எரியத் தொடங்கிற்று. லிட்டருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் கொடுத்த வண்டி பதினான்காகக் குறைந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் கருவி பொருத்திப் பார்த்து, "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்று கூறி, புதியது மாற்றி, பொருளும் கூலியுமாக ஐயாயிரத்துச் சொச்சம் வாங்கியிருக்கின்றார்கள். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் மீண்டும் எரிந்தது. இரண்டாவது ஒர்க்‌ஷாப்பில், "முதலில் போட்டது டூப்ளிகேட், வேறு சென்சார் போடவேண்டும், சைலன்சரோடு இருக்கும் கன்வர்ட்டரும் போய்விட்டது, நாற்பதாயிரம் ஆகும்" என்றிருக்கின்றார்கள். வண்டித் தரகர் ஒருவரோ, "எதற்கக்கா வீண் செலவு? ஸ்கேனர் வைத்து விளக்கை அழித்துவிட்டால் ஒரு வாரம் எரியாது. அதற்குள் விற்றுவிடலாம்" என்று யோசனை சொல்லியிருக்கின்றார்.

சகோதரியின் வினாக்கள் இரண்டு. கைவளையலை அடகு வைத்து நாற்பதாயிரத்தைச் செலவழிக்கலாமா? அல்லது தரகர் சொன்னபடி விளக்கை அழித்து விற்பது கூடுமா?

இரண்டாவது வினாவிற்குக் கிதாபுகளில் விடையுண்டு. முதல் வினாவின் விடையைப் பட்டறையில்தான் தேடவேண்டும். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பிற்பாடு தொழிற்பயிற்சி முடித்து, பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பட்டறை நடத்துகின்றார். மடலை எடுத்துக்கொண்டு ஓர் அஸர் தொழுகைக்குப் பின் அவரிடம் சென்றேன். மடலை இருமுறை படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஹஜ்ரத், கருவியில் என்ன நம்பர் வந்தது என்று யாராவது அந்தம்மாவிடம் சொன்னார்களா?" மடலில் அப்படியோர் எண்ணே இல்லை. "அப்படியானால் வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த எண்ணின் மகிமையைச் சொல்வதற்கு முன், இந்தச் சென்சார் என்பது யாது என்று விளங்கிக்கொள்வது நலம். சமையலறையில் அடுப்பெரிக்கும் நம் தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்றுக் குறைந்தால் அடுப்பு புகையும், கரி படியும், விறகு வீணாகும். காற்று மிகுந்தால் தீ அலைந்து சூடு போதாது. பெட்ரோல் என்ஜினுக்கும் இதே நியதிதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவு பொருந்தியிருக்கின்றதா என்பதை எரிந்தபின் வரும் புகையைக் கொண்டே கண்டறிகின்ற கருவிதான் ஆக்ஸிஜன் சென்சார். கட்டைவிரல் பருமனில், புகை வெளியேறும் குழாயில், என்ஜினை ஒட்டித் திருகப்பட்டிருக்கும். அதன் உள்ளே சிர்கோனியா என்னும் பீங்கானால் ஆன சிறு குப்பி. அதன் இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. குப்பியின் வெளிப்புறம் புகையில் நனைகின்றது. உட்புறம் நாம் சுவாசிக்கும் வெளிக்காற்றைத் தொடுகின்றது. இருபுறமும் உள்ள பிராணவாயுவின் வேறுபாட்டிற்கு ஏற்ப அதில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கின்றது. புகையில் பிராணவாயு அறவே இல்லையெனில், அதாவது பெட்ரோல் மிகுந்துவிட்டதெனில், 0.9 வோல்ட்டை நெருங்கும். பிராணவாயு மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவிற்குத் தாழும். இந்தச் செய்தியைப் பெற்ற கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் அளவை நேர்செய்துகொண்டே இருக்கும். அதனால் நல்ல நிலையிலுள்ள சென்சாரின் அளவு ஓரிடத்தில் நில்லாமல் தராசு முள்போல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும்.

பீங்கான் குப்பி 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் பேசும். என்ஜின் சூடாகும்வரை காத்திராமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு சிறு மின்னடுப்பு, ஹீட்டர், வைத்திருக்கின்றார்கள். இன்றைய வண்டிகளில் இந்தச் சென்சாரிலிருந்து பெரும்பாலும் நான்கு கம்பிகள் வருவதற்குக் காரணம் இதுதான்: இரண்டு ஹீட்டருக்கு, இரண்டு செய்திக்கு. இந்த விவரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். நம் சகோதரியின் வழக்கு இங்கேதான் இருக்கின்றது.

இதன் தத்துவத்தை வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட். 1920ஆம் ஆண்டிற்குரிய வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். மோட்டார் காரில் பொருத்தும் வகையில் போஷ் நிறுவனம் தயாரித்து, 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இருப்பினும், விளைவைப் பார்த்து வினையைத் தானே திருத்திக்கொள்ளும் பொறி என்ற எண்ணம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா என்னும் மூன்று சகோதரர்கள் 'கிதாபுல் ஹியல்' என்ற நூலில் ஏறத்தாழ நூறு பொறிகளை விவரித்திருக்கின்றார்கள். நீர்மட்டம் தாழ்ந்தால் தானே திறந்து, உயர்ந்தால் தானே மூடிக்கொள்ளும் மிதவை அடைப்பான்களும், எண்ணெய் குறையக் குறையத் தானே ஊற்றிக்கொள்ளும் விளக்கும் அவற்றுள் அடங்கும். இதைப் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. பெருமை பேசியே நாம் நிறையக் காலத்தைக் கழித்துவிட்டோம். அச்சகோதரர்கள் பொறியைக் கழற்றிப் பார்த்துக் காரணம் தேடினார்கள் என்பதைச் சொல்லவே குறிப்பிட்டேன்.

நம் நாட்டிற்கு இச்சென்சார் வந்த கதைக்கும் ஒரு வழக்கு உண்டு. தலைநகரின் காற்று மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணைகளின் தொடர்ச்சியாக, 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அங்கே விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், கட்டாயமாயிற்று. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற இப்பொருள் நச்சுப்புகையைத் தீங்கு குறைந்ததாக மாற்றுகின்றது. ஆனால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் இருந்தால்தான் அது மூவகை நச்சையும் ஒருசேர அடக்கும். அந்த அளவைக் காப்பது சென்சார். பெட்ரோலிலுள்ள ஈயம் இவ்விரண்டையுமே பாழாக்கிவிடும். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் நான்காம் நிலையும், 2020 ஏப்ரலில் ஆறாம் நிலையும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இப்போது பள்ளிவாசல் வாசலில் நிற்கும் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் இச்சென்சார் இருக்கின்றது.

சரி, வண்டி வந்தது. என்ன நடந்தது என்பதை நான் கண்டவாறே எழுதுகின்றேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் ஸ்கேனரை இணைத்தார். திரையில் பி0135 என்ற எண் தோன்றிற்று. "முன் சென்சாரின் ஹீட்டர் மின்சுற்றில் கோளாறு என்று இதற்குப் பொருள். கவனியுங்கள் ஹஜ்ரத், சென்சார் கெட்டது என்று பொருளில்லை. சுற்றில் கோளாறு" என்றார். சுற்று என்றால் பியூஸ், ரிலே, கம்பி, கனெக்டர், கணினி, கடைசியில் சென்சார் என எல்லாம் சேர்ந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவு நீளமான வாக்கியத்தில் 'சென்சார்' என்ற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு ஸ்பேனரைத் தேடியிருக்கின்றார்கள்!

என்ஜின் ஆறியிருந்தது. சென்சாரின் கனெக்டரைப் பிரித்தார். சென்சார் பக்கத்தில் ஒரே நிறமுடைய இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தார். சில ஓம்கள் காட்டிற்று. ஹீட்டர் உயிரோடு இருக்கின்றது என்று அதற்குப் பொருள். அறுந்திருந்தால் மீட்டர் எல்லையில்லாத் தடையைக் காட்டியிருக்கும். அடுத்து என்ஜினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆக, அடுப்பு நன்றாக இருக்கின்றது, மின்சாரம்தான் வரவில்லை. பியூஸ் பெட்டியைத் திறந்தார், பியூஸ் நலம். பிறகு டார்ச் விளக்கோடு கம்பிக் கொத்தைத் தடவிக்கொண்டே போனார். என்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவிலுள்ள தகட்டின் மூலையில், கறுப்பு உறை கடித்துக் குதறப்பட்டு, உள்ளே ஒரு கம்பி பச்சை பூத்து அறுந்து கிடந்தது. பக்கத்தில் நாலைந்து மக்காச்சோள மணிகள்.

எலி! பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளம் எவ்வளவு விளைகின்றதென்பதை நான் சொல்லத் தேவையில்லை. சகோதரியின் வீட்டில் சோள மூட்டைகளை அடுக்கியிருக்கும் கொட்டகையில்தான் கார் நிற்குமாம். குளிர்காலத்தில் இதமான என்ஜின், பக்கத்திலேயே தீனி. எலிக்கு வேறென்ன வேண்டும்? கடித்த கம்பியில் மழைநீர் பட்டுப் பட்டுச் செம்பு அரித்து, ஒருநாள் துண்டாகிவிட்டது. ஹீட்டர் கெட்டதென்று கணினி முடிவு செய்துவிட்டால், பல வண்டிகளில் அது அந்தச் சாட்சியின் சொல்லை ஏற்காமல் உத்தேச அளவில் பெட்ரோலை ஊற்றத் தொடங்கிவிடும். மைலேஜ் குறைந்ததன் மர்மம் இதுதான். குறியீட்டை அழித்தால் விளக்கு உடனே அணையும். கணினி மீண்டும் இரண்டு மூன்று ஓட்டங்களில் சோதித்துப் பார்த்து, அதே குறையைக் கண்டு, மறுபடி ஏற்றிவிடும். மூன்றாம் நாள் எரிந்ததற்கும் அதுவே காரணம்.

அறுந்த கம்பியை வெட்டி, நல்ல கம்பி வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையிட்டு, கொத்தை உயரமாகத் தூக்கிக் கட்டினார். பிறகு வண்டியை நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்கேனரில் உயிரோட்ட அளவுகளைக் காட்டினார். கன்வர்ட்டருக்கு முன்னுள்ள சென்சாரின் அளவு விறுவிறுவென்று மேலும் கீழும் ஆடிற்று. பின்னுள்ள இரண்டாவது சென்சாரின் அளவோ 0.7 வோல்ட்டை ஒட்டி ஏறக்குறைய அசையாமல் நின்றது. கன்வர்ட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றதென்று இதற்குப் பொருள். அது செத்திருந்தால் பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆடும். பி0420 என்ற எண்ணும் வரும். அந்த எண் வந்திருந்தால்கூட உடனே நாற்பதாயிரத்தை எடுத்து வைக்கக்கூடாது என்கிறார் அவர். புகைக்குழாயில் ஓட்டையிருந்தாலும், பிளக் சரியாக எரியாமலிருந்தாலும் அதே எண் வரக்கூடுமாம்.

கூலி முந்நூறு ரூபாய்.

வாசகர்களே, இச்சென்சார் ஒரு சாட்சி. கண்டதைச் சொல்வது அதன் வேலை. பிளக் எரியாமல் விட்டுவிட்டால், எரியாத காற்றிலுள்ள பிராணவாயு அப்படியே குழாய்க்கு வரும். சென்சார் "பிராணவாயு மிகுதி" என்று சொல்லும். சென்சாருக்கு முன்னால் குழாயில் வெடிப்பிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும்; அப்போதும் அதையே சொல்லும். கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். காற்று வடிகட்டிக்குப் பின்னுள்ள ரப்பர் குழாய் விரிந்திருந்தாலும், பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்தாலும் இதே கதை. பி0171 என்று வந்தால் காற்று மிகுதி, பி0172 என்றால் பெட்ரோல் மிகுதி. இவையெல்லாம் சாட்சி சொன்ன வாக்குமூலங்கள். வாக்குமூலம் பிடிக்கவில்லையென்று சாட்சியை மாற்றினால் வழக்குத் தீருமா? ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளை உண்டு. பட்டறைக்காரர்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டிருப்பதாக எந்தத் தஃப்சீரிலும் நான் பார்த்ததில்லை.

புகைக்குழாய் வெடிப்பைச் சொன்னேன். அதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அதன்வழிக் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, பிள்ளைகளைப் பின்னிருக்கையில் உறங்கவிட்டு அரியலூருக்கும் திருச்சிக்கும் போய்வருகின்ற குடும்பங்கள், வண்டிக்கடியில் 'புஸ் புஸ்' என்ற ஓசை கேட்டால் அன்றே காட்டிவிடவேண்டும். இன்னொன்று, கன்வர்ட்டர் நெருப்பாய்ச் சுடும் பொருள். நம் பக்கத்தில் சாலையிலேயே கதிரைப் பரப்பி வண்டிகளை ஏறவிட்டுத் தாள் அடிக்கும் வழக்கம் இருக்கின்றது. அந்தத் தாள் அடியில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும் அபாயமுண்டு. காய்ந்த சருகின் மேலும் வண்டியை நிறுத்தவேண்டாம். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மினுக்கினால் என்ஜின் கடுமையாக மிஸ்ஸிங் ஆகின்றதென்று பொருள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஓரங்கட்டி நிறுத்திவிடுவதே நல்லது.

சென்சார் மெய்யாகவே கெடுவதும் உண்டு. ஹீட்டர் உள்ள சென்சார் பொதுவாக ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். என்ஜின் ஆயில் குடித்தாலோ, கூலண்ட் உள்ளே கசிந்தாலோ, தகாத சிலிக்கான் பசையை என்ஜினில் தடவினாலோ அதற்கு முன்பே செத்துவிடும். கழற்றிய சென்சாரின் முனையைப் பார்த்தே மாணவர் நோயைச் சொல்கின்றார்: கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெண்பொடி படிந்திருந்தால் சிலிக்கானோ கூலண்டோ. மூலநோயைத் தீர்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பரிசோதிக்கும் முறையும் உண்டு. என்ஜின் சூடேறியபின் செய்திக் கம்பியில் டிஜிட்டல் மீட்டரை வைத்து, காற்றுக் குழாய் ஒன்றைச் சற்றே கழற்றினால் அளவு சட்டென்று தாழவேண்டும்; மாட்டியதும் மீளவேண்டும். சோம்பேறித்தனமாக அசைந்தாலோ, 0.45 வோல்ட் அளவில் உறைந்து நின்றாலோ சென்சாரைச் சந்தேகிக்கலாம். அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகையானது. அதற்கு மீட்டர் போதாது, ஸ்கேனரே வேண்டும்.

மாற்றும்போது கவனிக்கவேண்டியவை அதிகமில்லை. வெறும் கையளவு சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை கெடாமல் வரும். இறுகிப்போயிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டுக் காத்திருக்கவேண்டும். கம்பி நுழையப் பிளவுள்ள 22 எண் சாக்கெட் இதற்கென்றே கிடைக்கின்றது. மரையில் தடவும் பசை முனையில் படவே கூடாது. புதிய சென்சாரைக் கீழே போட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே பீங்கான் உடைந்திருக்கக்கூடும். கம்பியை முறுக்காமல் திருகவேண்டும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் போய்வரும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை: வண்டியின் அடிப்பக்கம் தொங்கும் பின் சென்சாரின் கம்பியைத் தெறிக்கும் கல்லும் வேகத்தடையும் பதம் பார்த்துவிடும், கனெக்டரில் சுண்ணாம்புத் தூசி ஈரத்தோடு சேர்ந்து சாந்துபோல் இறுகிவிடும். பழைய சென்சாரை மறவாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

இப்போது பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் கலக்கின்றார்கள். கரும்போடு மக்காச்சோளமும் எத்தனாலுக்குப் போகின்றது. நம் வயல்களுக்கும் இதில் பங்குண்டு. எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால் அதற்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சென்சார் "பிராணவாயு மிகுதி" என்று சொல்ல, கணினி சற்றுக் கூடுதலாக ஊற்றும். எத்தனாலின் எரிசக்தியும் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் மைலேஜ் சிறிது குறைவது இயல்பு. அதற்காகச் சென்சாரைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இனி இரண்டாவது வினா. விளக்கை அழித்து விற்பது கூடுமா? கூடாது. பால் மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகுமுன் இரண்டு மூன்று வேளை கறக்காமல் மடி கனக்கவிட்டு விற்கும் தந்திரத்தை நம் ஊர்ச் சந்தைகளை அறிந்தவர்கள் அறிவார்கள். அரபு நாட்டிலும் ஆட்டுக்கும் ஒட்டகத்திற்கும் இவ்வாறு செய்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவருக்கு அதை வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ உரிமை உண்டென்றும் அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியிருக்கின்றது. திருப்பிக் கொடுப்பதன் விவரங்களில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு; குறையை மறைத்து விற்பது பாவம் என்பதில் வேறுபாடே இல்லை. மடியைக் கட்டி விற்பதும் விளக்கை அழித்து விற்பதும் ஒன்றே. "இந்த விளக்கு எரிகின்றது, இன்னதென்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் அது ஹலாலான வியாபாரம்.

தரகரின் யோசனை நம் சகோதரிக்கு மட்டும் சொல்லப்பட்டதன்று என்பதையும் யோசியுங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் நாற்பது நாளுக்குள் பழைய கார் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் அவசரத்தில் இருக்கின்றார்கள். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். சாவியைத் திருப்பி, என்ஜினை எழுப்பாமல் நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு அப்போது எரியவேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். சாவி போட்டும் எரியவில்லையென்றால் விளக்கையே யாரோ முடக்கியிருக்கின்றார்கள். அடுத்து, நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். குறியீடு அழிக்கப்பட்டபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கின்றதென்பதைப் பல வண்டிகளின் கணினியே சொல்லும். கணினி தானாகச் செய்யும் சோதனைகள் முடிந்துவிட்டனவா என்பதையும் காட்டும். நேற்றுத்தான் அழித்திருந்தால் "இன்னும் முடியவில்லை" என்று நிற்கும். தரகர் அறியாத சாட்சி இது. அப்படிக் கண்டால் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கின்றேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குறையில்லாத வண்டிக்காரர் இரண்டு நாளைக்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

சகோதரி தம் இரண்டாவது மடலில் மூன்றாவதாக ஒன்று கேட்டிருக்கின்றார்: முதல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம், ஆனால் அவரை மோசடிக்காரர் என்று பெயர் சூட்டிக்கொண்டு கேட்கவேண்டாம் என்று எழுதினேன். கெடாத பொருளைக் கெட்டதென்று சொல்லி வேலை செய்திருக்கின்றார். அது அறியாமையாகவும் இருக்கலாம். மஹல்லாவின் பெரியவர் ஒருவரும் கொழுந்தனும் சேர்ந்து போய், மாணவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் கடித்த கம்பியையும் காட்டியிருக்கின்றார்கள். அவர் சிறிது நேரம் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கூலியைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றார். சென்சாரைத் திரும்ப எடுத்துக்கொள்ள உதிரிபாகக் கடையில் மறுத்துவிட்டார்களாம். கழற்றிய பழைய சென்சார் அவருடைய பட்டறையின் இரும்புப் பெட்டியிலேயே கிடந்திருக்கின்றது. அதைத் துடைத்துக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டார். அதன் ஹீட்டரையும் சோதித்துப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கின்றது. இப்போது அது சகோதரியின் வீட்டு அலமாரியில் ஒரு துணிப்பைக்குள் இருக்கின்றது. வண்டி வேப்பமரத்தடிக்கு இடம் மாறிவிட்டது. சோள மூட்டைகள் கொட்டகையிலேயே இருக்கின்றன.